பசிலியாவின் அட்டைகள்

உப்பு என்ற சொல்லின் அட்டையிலும் பசிலியா.

காவல்காரன் நெற்றியைச் சுருக்கினான். ஊசி என்ற சொல்லிலும் அவள்தான். ஓடம் என்றாலும் அவளே.

ஒரு சொல். அதன் பொருள். கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அகராதிக்காகப் பேராசிரியை இலுமினாதா எழுதிய அட்டைகள், ஏழு பிஸ்கட் டின்களில் அகர வரிசையில் இருந்தன. போன வாரம் அவள் வீட்டைச் சோதனை போட்ட ராணுவம் அத்தனையையும் அள்ளி வந்திருந்தது.

அவளுடைய நான்கு நாவல்களுக்கும் ஏற்கெனவே தடை. ஐந்து மாதம் இதே முகாமில் அடைத்தும் வைத்திருந்தார்கள். இனி கதை எழுதமாட்டேன், அகராதி வேலை மட்டும்தான் என்று கையெழுத்துப் போட்ட பிறகே வெளியே விட்டார்கள்.

மேஜர் மணிலாக்காரர். தீவின் பாஷை அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அதனால் முகாம் வாசலில் காவல் நின்ற தீவுக்காரனான இவனை உள்ளே உட்காரவைத்தார். வெறும் அகராதி என்றால் முத்திரை குத்து, வேறு ஏதாவது என்றால் கொளுத்திவிடலாம், மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

பசிலியா வந்த அட்டைகளின் மூலையில் மட்டும் பென்சிலால் பொடி எண்கள்.

சும்மா ஒரு யோசனையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்து மேசையில் பரப்பினான்.

பசிலியாவின் புருஷன் மீன்பிடிக்கப் போனான்.

கரை திரும்பியவனை ராணுவ லாரி ஏற்றிக்கொண்டு போனது.

அவனுக்கு மாற்றுச் சட்டையும் சோற்றுப் பொட்டலமுமாகப் பசிலியா முகாம் வாசலுக்கு வந்தாள்.

அடி சக்கை!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் மறைத்திருக்கிறாள்! இவளுக்குள்ளேயே ஊர் ஊராக அலைந்து சொல் பொறுக்குகிற படிப்பாளி ஒரு பக்கம், கதைக்காரி ஒரு பக்கம். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து ஒரு பட்டாளத்தின் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறார்கள்.

காபி ஆறிப்போனது. அவன் தொடவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டாவது அட்டை. சொல்: வெட்கம்.

'காவல்காரன் சட்டையை வாங்கவில்லை. வெட்கத்தில் அவள் முகத்தையும் பார்க்கவில்லை.'

அவன் கை அப்படியே நின்றது.

இலுமினாதாவை அடைத்திருந்த அறையின் ஜன்னல் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். வாசலில் நின்றது இவன். எத்தனையோ பெண்கள் சட்டையோடு வந்தார்கள். ஒருத்தியிடமும் இவன் வாங்கியதில்லை.

அடுத்த அட்டை. சொல்: தாய்.

'இவனையும் ஒரு தாய் பெற்றிருப்பாளே என்று, புருஷனுக்குக் கொண்டுவந்த சோற்றைக் காவல்காரனுக்கே நீட்டினாள் பசிலியா.'

இலுமினாதா அவனைச் சண்டாளன் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். அகராதியில் அதற்கும் இடம் உண்டு. எழுதியிருந்தால் நியாயமும்கூட. நிஜத்தில் எந்தப் பெண்ணும் இவனுக்குச் சோறு நீட்டியதில்லை. அது இலுமினாதா போட்ட சோறு.

ஐந்நூற்று மூன்று. சொல்: சாவி.

'சாவி காவல்காரன் கையில் இருந்தது.'

அதற்கு மேல் அட்டை இல்லை. டின்களைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்துவிட்டான்.

மணி ஒன்றாகியிருந்தது.

எண் வரிசையில் பரப்பிக் கிடப்பதை மேஜர் பார்த்தால் அட்டைகள் அடுப்புக்குப் போகும். அவள் மறுபடியும் உள்ளே போவாள். மறைத்தது தெரிந்தால் இவனும்தான்.

கதையைக் கலைக்க ஆரம்பித்தான். ஒவ்வோர் அட்டையையும் அதன் எழுத்தைத் தேடித் தேடித் திரும்பச் செருகினான். பாழாய்ப்போன எழுத்து வரிசை, பதற்றத்தில் பாதி மறந்தும் போனது.

மூன்று மணிக்கு ஏழு டின்களும் மூடியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஆட்சேபம் இல்லை என்ற முத்திரை, கீழே இவன் கையெழுத்து.

வெறும் அகராதிதான் என்று மேஜரிடம் சொன்னான்.

மறுநாள் காலை இலுமினாதா வந்தாள். நரைத்த கொண்டை, வீங்கிய கால். டின்களை இவனே சுமந்துபோய் ஜீப்னி வண்டியில் ஏற்றினான். கடைசி டின்னை நீட்டியவன், அவள் பிடித்த பிறகும் விடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மேடம், சாவிய வச்சுக்கிட்டு அந்தக் காவல்காரன் அடுத்து என்னதான் செய்றான்?"

அவள் முகம் வெளிறிவிட்டது. வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டின்னின் மேலிருந்த முத்திரையைப் பார்த்தாள். அதன் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது, தம்பி" என்றாள்.

ஜீப்னி நகர்வதற்குள் கைப்பைக்குள் பென்சிலைத் தேட ஆரம்பித்திருந்தாள்.