புத்தகத்தில் ஏறாத மணித்தியாலங்கள்

"பறப்புப் பதிவுப் புத்தகப்படி இந்த இஞ்சினைக் கழட்ட இன்னும் அறுநூறு மணித்தியாலம் கிடக்கு, தவராசா. கையெழுத்தை வையும்."

"புத்தகத்துக்கு எல்லா மணித்தியாலமும் ஒண்டுதான் சேர். கண்காட்சியில குட்டிக்கரணம் அடிச்சதும் தலைகீழாப் பறந்ததும் இஞ்சினுக்குத்தான் தெரியும். எண்ணெயில இரும்புத்தூள் வருது. கழட்டிப் பார்க்காமல் விடேலாது."

இரத்மலானையில் விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தும் முதலாளி சிரித்தார். "இனிக் கரணம் இல்லை. படிக்கிற பிள்ளையள் நேராத்தானே ஓட்டுவினம். ஏலாதெண்டால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

ஐம்பத்தாறு வயது மெக்கானிக்கை வேறு யார் எடுப்பார்கள்? தவராசா கையெழுத்து வைத்தார்.

மதியம் வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் பஸ் வெள்ளவத்தை நெரிசலில் நின்றபோது, மகள் சாருஜாவின் அழைப்பு வந்தது. கட்டணம் அவர் சம்பளத்தில் கழிய, அதே பள்ளியில் விமானம் ஓட்டப் படிக்கிறவள் அவள்.

"அப்பா, இண்டைக்கு என்னைத் தனியப் பறக்கச் சொல்லிட்டினம்."

"எதிலயம்மா?"

"ரெண்டு பிளேன் நிண்டது. நீங்கள் கையெழுத்து வைச்சதைத்தான் கேட்டு எடுத்தனான். மற்றவையின்ட கையெழுத்தை நம்பி ஏறேலுமே? சரி, போனை அணைக்கச் சொல்லினம். வைக்கிறன்."

"பிள்ளை, ஏறாதை," என்றார் தவராசா. அவள் வைத்துவிட்டிருந்தாள்.

திரும்ப அழைத்தார். போன் அணைந்திருந்தது.