நடுவில் ரூத்

"ரூத், அவங்க சொல்றதை அப்படியே சொல்லணும்மா. ஒரு வார்த்தை மாறினாலும் காரியம் கெட்டுடும்!" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார் நரசிம்மன்.

"இன்னா சார், உங்களுக்கே இப்படி வேர்த்தா நான் இன்னா பண்றது?"

நரசிம்மன் இந்தியப் பங்குதாரர் தொடர்புச் சங்கத்தின் செயலாளர். அந்த எண்பத்தாறாம் வருஷத்தில், ஜப்பான், இங்கிலாந்து சங்கங்களின் தலைவர்களை ஒரகடம் தொழிற்சாலைக்கே அழைத்து வந்துவிட்டார். எந்த நாட்டுப் பங்குதாரர் கேள்வி கேட்டாலும் மூன்று சங்கங்களும் சேர்ந்து கம்பெனிகளிடமிருந்து பதில் வாங்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தம். அது முடிந்தால் ஜப்பான்காரர்கள் தைரியமாக முதல் போடுவார்கள். தொழிற்சாலையில் இரண்டாவது உற்பத்தி லைன் வரும். பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் சும்மா இருக்கும் ரூத்தின் தம்பிக்கும் வேலை கிடைக்கும்.

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ரூத், ஜப்பானுக்குப் போய்ப் பயிற்சி பெற்று அந்த மொழியும் கற்றவள் என்பதால் மொழிபெயர்ப்பு அவள் தலையில் விழுந்தது.

எடுத்த எடுப்பிலேயே இங்கிலாந்துக்காரர் ஹார்ப்பர் ஆங்கிலத்தில் சீறினார். "ஜப்பான் கம்பெனிகள் எல்லாவற்றையும் மூடி மறைக்கும். இவரை எப்படி நம்புவது?"

நரசிம்மனின் முகம் வெளுத்தது.

ரூத் ஜப்பான்காரர் பக்கம் திரும்பினாள். ஜப்பானிய மொழியில், "உங்கள் கம்பெனிகளைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்," என்றாள்.

ஜப்பான்காரர் நகாமுரா அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். "வெள்ளைக்காரருக்கு, தாமே ராஜா என்ற நினைப்பு இன்னும் போகவில்லை," என்றார் தம் மொழியில்.

"உங்கள் அனுபவம் எங்களுக்கு வழிகாட்டும் என்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் ரூத்.

ஹார்ப்பரின் முகம் மலர்ந்தது. "அப்படியா சொன்னார்? அவர்களிடம் நாங்களும் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது."

இதை மட்டும் ரூத் சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னாள். நகாமுரா பேனாவைத் திறந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அறை முழுக்கக் கைதட்டல்! "ஜெயிச்சுட்டோம்மா!" என்று நரசிம்மன் துள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹார்ப்பர் சீறினதை மாத்திச் சொல்லிட்டியே, எவ்வளவு துணிச்சல் உனக்கு!" என்றார்.

"வெளியே சொல்லிடாதீங்க சார். வேலை பூடும்!"

காரில் ஏறப் போன நகாமுரா திரும்பி வந்தார். ரூத்தை அருகே அழைத்து, சுத்தமான ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்:

"நான் லண்டனில் படித்தவன் அம்மா. ஹார்ப்பரை நம்பி இல்லை, உங்களை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."