பாடம் படித்த கிருமி

திருப்பதியின் வலது கட்டைவிரலில் கத்திரி லேசாகத்தான் பட்டது. முப்பது வருஷமாக அறந்தாங்கி ஜனங்களுக்கு அளவு பார்த்து வெட்டிக் கொடுத்த கை. இதெல்லாம் ஒரு காயமா என்று விட்டுவிட்டார். இரண்டே மாதத்தில் விரல் வெள்ளரிப்பிஞ்சாக வீங்கிவிட்டது. எந்த ஊசிக்கும் மசியவில்லை.

நல்லவேளை, சீழைச் சோதித்த ஆய்வகத்தில் அண்ணன் மகள் கார்த்திகாதான் விஞ்ஞானி. லீவுக்கு வந்தவளைப் பிடித்துக்கொண்டார்.

"சித்தப்பா, ஒரு புரதம் இல்லாட்டி இந்தக் கிருமிக்கு உசுரு கெடையாது. எட்டு வருஷமாத் தேடி, அது எதுன்னு கண்டுபிடிச்சிட்டோம். அதை முடக்கினாப் போதும், செத்துரும்."

"அப்பறமென்ன, முடக்கிரு!"

"அதுக்கு மருந்து வர இன்னும் பத்து வருஷமாகுங்க."

"என் வெரலு அதுவரைக்கும் காத்திருக்குமா ஆத்தா? இப்ப இருக்கிற மருந்துக்கு என்ன கேடு?"

"யாரோ நம்ம ஊருல எல்லாருக்கும் மருந்தை அரைகுறையாக் குடுத்துக் குடுத்து, தப்பிக்கிறது எப்படின்னு கிருமிக்குப் பாடம் நடத்திட்டாங்க."

திருப்பதிக்கு ரத்தம் கொதித்தது. "எந்தப் பாவி அவன்? அவன் கை வெளங்குமா?"

கார்த்திகா அவருடைய விரலில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும், ஒருவர் இருமிக்கொண்டே சீட்டை நீட்டினார். "டாக்டர் அஞ்சு நாளைக்கு எழுதியிருக்காருங்க."

"அவருக்கென்ன, எழுதிருவாரு! ரெண்டு போட்டா நின்னுரும், போங்க."

வலது கை வராததால், இடது கையில் கத்திரியை எடுத்து, அட்டையிலிருந்து இரண்டே மாத்திரைகளை நறுக்கிக் கொடுத்தார் மெடிக்கல் திருப்பதி.