சோப்பு மெஷினின் கண்

“தமிழ் பேசுற ஆளாப் பார்த்து அனுப்பியிருக்கான்னா, இதுல என்னமோ இருக்கு ஏழுமலை!” என்றார் பரமசிவம், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபடி.

கல்கத்தா கிடர்பூர் சோப்புத் தொழிற்சாலையின் வாசலில் டாக்ஸியிலிருந்து ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். பம்பாய் தலைமை அலுவலகத்து அதிகாரி, பெயர் பட்டாபி. கூர்க்காவைப் பார்த்துக்கூடச் சிரித்தார்.

“நல்லாத்தானே சிரிக்கிறாரு அண்ணே?” என்றான் ஃபிட்டர் ஏழுமலை.

“போன வருஷம் பக்கத்து ஷெட்டுக்கு வந்தவன் இதைவிட நல்லா சிரிச்சான். அந்த ஷெட்டு மெஷினை ஓட்டின முகர்ஜி தாதா அதுல மயங்கி, ஸ்பேர் பார்ட்ஸ் ஒண்ணும் கிடைக்கலைன்னு உண்மையைச் சொன்னாரு. அடுத்த மாசமே ஷெட்டுக்குப் பூட்டு. தாதா இப்போ மச்சினன் கடையில மீன் நிறுத்துப் போட்டுக்கிட்டிருக்காரு.”

பரமசிவத்தின் மெஷின் சோப்புக்குக் காகிதம் சுற்றுகிற மெஷின். வெள்ளைக்காரன் விட்டுப்போன பூதம். அது ஓட ஆரம்பித்தால் ஹூக்ளி நதிக்கு அக்கரையில் தூங்கும் குழந்தை எழுந்து அழும். அதற்கு மின்சாரக் கண் ஒன்று உண்டு. காகிதம் கோணலாக வந்தால் அந்தக் கண் பார்த்துவிடும், மெஷின் நின்றுவிடும்.

ஆனால் அந்தக் கண்ணைச் செய்த லண்டன் கம்பெனி அதைக் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இருந்த கடைசிக் கண்ணும் போன துர்கா பூஜை சமயத்தில் குருடாகிவிட்டது. சாந்தினி மார்க்கெட்டில் பரமசிவம் ஏறி இறங்காத கடை இல்லை. அன்று முதல் ஏழுமலைதான் கண். மெஷினுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, கோணல் காகிதம் வரும்போதெல்லாம் சுவிட்சை அமுக்குவான்.

இது வெளியே தெரிந்தால் இந்த ஷெட்டுக்கும் பூட்டு. நாற்பது பேர் தெருவில்.

“போய் உன் இடத்துல உட்காரு. நான் இருமினா அமுக்கு,” என்று விரட்டினார் பரமசிவம்.

பட்டாபி உள்ளே வந்தார். “நமஸ்காரம். கல்கத்தாவில தமிழ் கேட்டாலே காதுக்குக் குளிர்ச்சியா இருக்கு. உங்களுக்கு எந்த ஊர்?”

முதலில் ஊரைக் கேட்பான், அப்புறம் பிள்ளை குட்டிகளைக் கேட்பான், நாம் குழைந்த பிறகு மெஷினைக் கேட்பான்! பரமசிவம் உஷாரானார்.

“திண்டிவனம் பக்கம்,” என்று மொட்டையாக முடித்துக்கொண்டார்.

“மெஷின் தொந்தரவு பண்றதா?”

“எங்க வீட்டுல ராஜம் பண்ற தொந்தரவுல கால்வாசிகூட இது பண்ணாது சார்.”

“இதோட கண்ணு இப்பல்லாம் கிடைக்கறதே இல்லைன்னு சொன்னாளே?”

“தேடத் தெரியாதவங்க சொல்லியிருப்பாங்க.”

பட்டாபி விடவில்லை. ஓடுகிற மெஷினில் ஒரு காகிதத்தை வேண்டுமென்றே கோணலாகச் செருகினார். பரமசிவம் இருமினார். மெஷின் டக்கென்று நின்றது. இன்னொன்று செருகினார். இன்னொரு இருமல். மறுபடி நின்றது. மூன்றாவது முறை பரமசிவம் இருமிய இருமலில் கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்துபோயின.

“கண்ணு பிரமாதமா இருக்கு. உங்க நெஞ்சைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்,” என்ற பட்டாபி, சற்று நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். “ஸ்பேர் கண்ணு வெச்சிருக்கேளா? மறைக்காம சொல்லுங்கோ. இல்லைன்னா இல்லைன்னு சொல்றதுல தப்பே இல்லை.”

போன வருஷம் வந்தவனும் முகர்ஜி தாதாவிடம் இதையேதான் சொல்லியிருப்பான்!

பரமசிவம் போய் இரும்பு அலமாரியைப் படாரென்று திறந்தார். உச்சியிலிருந்து அடி வரைக்கும் லண்டன் முத்திரை போட்ட அட்டைப் பெட்டிகள். இருபது வருடத்தில் பிரித்த பெட்டி ஒன்றைக்கூட அவர் தூக்கி எறிந்ததில்லை. ஒன்றிலும் கண் இல்லை.

“அடேயப்பா!” பட்டாபி ஒரு பெட்டியை எடுத்துக் கையில் எடை பார்த்தார். நன்றாகவே கனத்தது. உள்ளே இருப்பது நேற்று சாயங்காலம் ரயில் பாதையில் பொறுக்கிய ஜல்லி என்பது பரமசிவத்துக்குத்தானே தெரியும்? பட்டாபியின் விரல் மூடியை நெம்பியது. பரமசிவம் பாய்ந்து வந்து குறுக்கே கையை நீட்டினார்.

“திறந்துடாதீங்க சார்! கங்கைக் காத்து ஈரம் பட்டா கண்ணு அவிஞ்சு போயிடும்.”

“ஓஹோ.” பட்டாபி விரலை எடுத்தார். ஆனாலும் பார்வையில் சந்தேகம் போகவில்லை. “நெஜமாவே இதை வெச்சு ஓட்டிடுவேளா? எத்தனை வருஷம்?”

“பத்து வருஷம் சார். அதுக்கப்புறம் என் பேரன் வந்து ஓட்டுவான்.”

“சத்தியமா?”

“காளிகாட் காளி மேல சத்தியம்!”

“சரி, காளியையே சாட்சிக்குக் கூப்பிட்டுட்டேள். இனிமே நான் என்ன கேக்கறது?” பட்டாபி பெட்டியைப் பூப்போல அலமாரியில் வைத்தார்.

நாற்பது பேர் பிழைத்தார்கள். பரமசிவம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதிகாரியை டாக்ஸி வரை கொண்டுபோய் விட்டார். கதவையும் தானே திறந்துவிட்டார்.

உள்ளே உட்கார்ந்ததும் பட்டாபி தலையை வெளியே நீட்டினார்.

“இப்போ சொல்றதுக்கென்ன? ஜெர்மனியிலேர்ந்து ஒரே ஒரு புது மெஷின் வந்து துறைமுகத்துல நிக்கறது. ஸ்பேர் இல்லாம திண்டாடற ஃபேக்டரிக்குத்தான் தரணும்னு உத்தரவு. முன்னாடியே சொன்னா, எங்க மெஷின் செத்துப்போச்சுன்னு எல்லாரும் பொய் சொல்வேள். அதான் வாயைத் திறக்கலை. நீங்கதான் ராஜா மாதிரி இருக்கேளே, அதைக் கான்பூருக்கு அனுப்பிடறேன்!”