முதல் ரேங்கின் இடம்

லீனா எழுந்து நின்றாள். வகுப்பு மொத்தமும் ஃபேனுக்கு நேர் கீழே இருந்த பெஞ்சைப் பார்த்தது.

எங்கள் எட்டாம் வகுப்பின் சிம்மாசனம் அது.

மாதாமாதம் டெஸ்டில் முதல் ரேங்க் எடுப்பவர், அடுத்த மாதம் உட்காரும் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்கள் நான் போட்ட இடத்தில்தான். மாற்றமே கிடையாது. சட்டம் இயற்றியவன் நான், கணக்கு வாத்தியார் ஓஸ்வால்ட். மாணவர்களை எப்படி ஊக்குவிப்பது என்று ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய், சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிட்டதால் பாதி ஊக்கத்தோடு திரும்பியவன்.

அந்தப் பாதியே வேலை செய்தது.

ஜூனில் லீனா நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டு. அப்புறம் இருபத்தாறு. பதினொன்று. நான்கு. ஒரு மழை நாளில் பஸ் நகரவில்லை என்று லிங்கராஜபுரம் பாலத்திலிருந்து நடந்தே வந்தாள். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, கணக்கு நோட்டு நனையவில்லை.

இந்த மாதம் ஒன்று.

"எல்லாம் அந்த ஃபேன் செய்யுற வேலை மிஸ்" என்று ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேஜை டோரதி மிஸ்ஸிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

"அப்போ உங்க தலைக்கு மேலயும் ஒண்ணு மாட்டிடலாம் சார்" என்றார் அவர், திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து நிமிராமல்.

"சொல்லும்மா. எங்க உக்காரப் போற?" என்றேன் எழுந்து நின்ற லீனாவிடம்.

லீனா ஃபேன் பக்கம் திரும்பவே இல்லை. முதல் பெஞ்சைக் காட்டினாள். போர்டுக்கு இரண்டடி. சாக்பீஸ் தூளும், நான் ஆவேசமாகிவிட்டால் எச்சிலும் விழும் இடம். அதை யாரும் கேட்டதில்லை.

"சார், என் இடத்தை சோனியாவுக்குக் குடுக்கலாமா? நான் பின்னாடியே இருந்துக்கறேன்."

கடைசி பெஞ்சில் சோனியா தலையைக் குனிந்துகொண்டாள். நாற்பத்தொன்றாவது ரேங்க்.

"அவளுக்கு எதுக்கு?"

"அவளுக்கு போர்டு தெரியல சார். எல்லாம் மங்கலா இருக்காம்."

எனக்குக் கோபம் வந்தது. அக்கறையில் வரும் கோபம் என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

"இத்தனை மாசமா வாயை மூடிட்டு இருந்தீங்களா? ஆரம்பத்துலயே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

லீனா என்னை நேராகப் பார்த்தாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. வீட்டுப்பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னாள்.

"ஜூன்லயே வந்து கேட்டேன் சார். சோனியாவை முன்னாடி மாத்துங்கன்னு. ஏன்னு நீங்க கேக்கல. இடம் வேணும்னா ரேங்க் எடுத்துட்டு வான்னீங்க."