பதினாலாவது ஆள்

"திரானாவுக்கு ஒரே ஒரு ஆள்! ஒரு ஆள் ஏறினா வண்டியை எடுத்துடுவேன்!"

டிரைவர் லூல்ஸிம் அல்பேனியாவின் கொர்ச்சா நகரச் சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். வேனின் கடைசி வரிசையில் ஜெப்சன் டையை உருவிக் கோட்டுப் பைக்குள் திணித்தான். நெஞ்சிலிருந்த பெயர்ப் பட்டையை வழியிலேயே கழற்றிவிட்டிருந்தான்.

பதின்மூன்று பேர் ஏறியாயிற்று. காலியாக இருந்தது அவனுக்குப் பக்கத்து இடம் மட்டும்தான். அது நிறையாமல் வண்டி நகராது. அதற்குள் ரிக்பி குளித்து முடித்துவிட்டால்?

வீடு வீடாக மதம் பரப்பும் ஊழியத்துக்கு வந்த பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். குளிக்கிற நேரம் தவிர ஒருவர் கண்ணைவிட்டு ஒருவர் மறையக் கூடாது. துணையைத் தனியே விட்டுப் போவதைவிடப் பெரிய குற்றம் அவர்களுக்குக் கிடையாது.

நாலு மாதமாக ஜெப்சனுக்கு வாய்த்த துணை ரிக்பி. காலை ஆறரை மணிக்கு எழுப்புவான், அரை நிமிஷம் பிந்தினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். குளியலில் மட்டும் அவனுக்குக் கணக்கே கிடையாது, தினமும் அரை மணி நேரம். பாய்லரில் வெந்நீர் பத்து நிமிஷத்துக்குத்தான் வரும். மிச்ச நேரம் இந்தப் பிப்ரவரிப் பனியில், பச்சைத் தண்ணீரில் என்னதான் செய்வானோ!

திங்கட்கிழமை அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து அப்பா போனில் பேசினார். "ஆடெல்லாம் குட்டி போட ஆரம்பிச்சிருச்சுடா. நான் ஒத்தையாவே சமாளிச்சுக்குவேன். நீ கடவுள் வேலையைப் பாரு." சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினார். அதற்குப் பிறகு ஜெப்சனுக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டக் கை தூக்கினாலும் ஆட்டுக் கொட்டகையின் கதவுதான் தெரிந்தது.

"வந்துட்டான்யா இன்னொருத்தன்!" லூல்ஸிம் சிரித்தான். "ஏம்ப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒட்டிப் பொறந்தவங்களா? காபி வேணாம், சாராயம் வேணாம், எங்க போனாலும் ஜோடி மட்டும் வேணும்!"

கதவுக்குள் ரிக்பியின் தலை நுழைந்தது. டை நேராக இருந்தது. தோளில் வழக்கமான அந்தப் பெரிய பை.

"எல்டர் ஜெப்சன்."

இருபது வயதுகூட நிரம்பாத பயல்கள். ஒருவரையொருவர் 'எல்டர்', அதாவது 'பெரியவரே' என்றுதான் கூப்பிட வேண்டும். அதுவும் விதி.

"நான் இறங்க மாட்டேன்."

"எங்க கிளம்பிட்டே?"

"வீட்டுக்கு. எங்கப்பா ஒத்தையா கிடந்து அல்லாடுறார். உங்க அண்ணன்க அஞ்சு பேரும் ஊழியத்தைப் பாதியில விட்டுட்டு வந்ததில்லைன்னு மறுபடி ஆரம்பிக்காதே."

"வந்ததில்லைதான்," என்றான் ரிக்பி.

முன் வரிசையில் மடிமேல் பெரிய வட்டத் தட்டை வைத்திருந்த பெண்மணி திரும்பினாள். "ஏறுறதுன்னா ஏறு தம்பி, இல்லன்னா கதவைச் சாத்து. பனிக்காத்துல என் லக்ரோர் ஆறுது. ஆறின பணியாரத்தைக் கொண்டுபோய் வெச்சா என் மருமக மூஞ்சியை நீயா வந்து பார்க்கப்போறே?"

"ஏறிடுய்யா," என்றான் லூல்ஸிம். "இல்லன்னா மத்தியானம் வரைக்கும் இங்கேயே நிக்க வேண்டியதுதான்."

ரிக்பி சந்தைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து உள்ளே ஏறினான்.

"துணையைத் தனியா விடக் கூடாது," என்றான்.

"அந்தப் பையைக் குடு, பின்னாடி போடறேன்," என்று லூல்ஸிம் அதைத் தூக்கினான். "யப்பா, என்ன கனம்! வேதப் புத்தகமா?"

ரிக்பி பையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கதவு சாத்தப்பட்டது, வண்டி கிளம்பியது.

மூன்று மணி நேரப் பிரசங்கத்துக்குத் தயாராக ஜெப்சன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரிக்பியோ வாயே திறக்கவில்லை. இலையுதிர்ந்த ஆப்பிள் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசித் தோட்டமும் போன பிறகு ஜெப்சனால் பொறுக்க முடியவில்லை.

"திட்டறதுன்னா திட்டித் தொலையேன்!"

"எதுக்கு?"

"நான் திரானாவுல விமானம் ஏறிடுவேன். நீ அங்கேயிருந்து எப்படித் திரும்பி வருவே? தனியா வரணுமே. விதியை மீறிட்டான்னு உனக்குல்ல கெட்ட பேர் வரும்? என்னாலதானே?"

ரிக்பி பையின் ஜிப்பை இழுத்தான். உள்ளே ஒரு புத்தகம்கூட இல்லை. மடித்து வைத்த நாலு சட்டை, கனத்த கம்பளிக் கோட்டு, ஒரு ஜோடி பூட்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே அவனுடைய பாஸ்போர்ட்.

ஜெப்சன் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், அவன் முகத்தைப் பார்த்தான்.

"நான் முதல்ல கிளம்பினா உன்னைத் தனியா விட்டவன் ஆயிடுவேன்," என்றான் ரிக்பி மெல்ல. "நீ முதல்ல கிளம்பினா, நான் உன்கூட வந்தவன். அவ்வளவுதான்."

ரிக்பி ஜிப்பை இழுத்து மூடினான்.

"நாலு மாசமா தினம் அரை மணி நேரம் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கேன். நீ ஓடறதுக்கு இத்தனை நாளா, எல்டர்?"