அடுப்படி வரை

ரைன் ஆற்றங்கரையின் செல்வ வட்டாரத்துக்கு எல்லை மணிக்கொரு தடவை மாறும். ஆட்கள் உழைக்கும் தெருவை வட்டாரம் உள்ளே வைத்துக்கொள்ளும், உழைப்புக் குறைந்தால் வெளியே தள்ளிவிடும். நோயாளி படுத்திருக்கும் இடம் எல்லைக்குள் இருந்தால்தான் ஆம்புலன்ஸ் ஏற்றும்.

மனைவி தர்மினி பிரசவ விடுப்பு எடுத்ததிலிருந்து அந்த எல்லை கஜீபனின் வீட்டுக்கு நடுவே ஓடியது. படுக்கையறை வெளியே, அவன் கணினியில் வேலை செய்யும் அடுப்படி உள்ளே. இருவருமாகக் கட்டிலை அடுப்படிக்கு இழுத்துப் போட்டார்கள்.

"பிள்ளைக்குச் சாப்பாட்டுக் குறை வராது," என்று அவள் சிரித்தாள்.

செவ்வாய் காலை வலி எடுத்தது. கஜீபன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தான். வந்த வண்டி எதிர்ப்பக்க நடைபாதையோடு நின்றுவிட்டது. அவன் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

"உங்கள் வீடு முழுவதும் இப்போது வெளியே இருக்கிறது," என்றாள் தாதி. "அங்கே யாரோ வேலையை நிறுத்தியிருக்கிறார்கள்."

"தூக்கிக்கொண்டு வரட்டுமா?"

"அவர் படுத்திருக்கும் இடம்தான் கணக்கு. அடுத்த மணி வரை காத்திருப்போம்."

அவன் திரும்பி வந்து சொன்னபோது, தர்மினி கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பனிக்குடம் உடைந்து பாய் நனைந்திருந்தது.

"பிறகென்னத்துக்கு என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? போய் வேலையைத் தொடங்குங்கோப்பா."

கஜீபன் கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கணினியில் கார்க்கதவு வரைபடங்களைத் திறந்தான். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவன் திரும்பவில்லை. அடுத்த வரைபடத்தைத் திறந்தான்.